துருப்பிடித்த சென்சாரோடு பொம்மசந்திரா வரை

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முதல் நாளே சொன்னேன். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2006-இல் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் நீலசந்திராவிலிருந்து பொம்மசந்திராவுக்குப் போன பயணம் இது. என் தங்கை வீட்டுக்காரர் செல்வம், ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். புகைப் பரிசோதனையில் வண்டி இரண்டு முறை தோற்றது. சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் கம்பெனி வேறு வண்டி போட்டுக்கொள்ளும். செல்வத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. புதுச் சென்சார் வாங்கியாயிற்று. பழையதுதான் துருப்பிடித்துக் குழாயோடு குழாயாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் பேட்டையில் மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்தார்கள். ஏழு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.40-க்குக் கிளம்பினோம். தூரம் இருபது கிலோமீட்டர். ஓசூர் ரோட்டில் மேம்பால வேலை நடந்த சமயம். சில்க் போர்டு சிக்னலில் மட்டும் முப்பத்தைந்து நிமிடம். பக்கத்து லாரி டிரைவர் அந்த நேரத்தில் முழுச் சவரம் செய்து முடித்ததை என் கண்ணால் பார்த்தேன். 8.25-க்கு, ஃபாக்டரிகளுக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக் காதர் பாய் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து, சென்சாரை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, வெல்டிங் வெச்சிட்டீங்களா?"

"துரு பாய்," என்றார் செல்வம்.

"மரை போச்சுன்னா பைப்பையே மாத்தணும். ஒரு வாரம் வண்டி நிக்கும்."

"வண்டி நின்னா நானும் வீட்லயே நிக்க வேண்டியதுதான்."

முதலில் சூடு தடுக்கும் தகட்டின் இரண்டு போல்ட்டுகள். ஒன்று கழன்றது. மற்றது தலை மட்டும் 'டிக்' என்று ஒடிந்து கையோடு வந்தது. செல்வத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அது வெறும் மூடி, வுடு. இவன்தான் ஆளு," என்று பாய் சென்சாரைக் காட்டினார். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, "வயர வெட்டுனாத்தான் ஸ்பேனர் உள்ள போவும். வெட்டுனா திரும்பிப் போவ வழியில்ல," என்றார். செல்வம் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினியர் மாதிரி தலையாட்டினேன். பாய் வெட்டினார்.

கேஸ் நெருப்பில் சென்சாரைச் சுற்றியிருந்த இரும்பு செக்கச் சிவந்தது. நெருப்பை அணைத்து, சிவப்பு அடங்கியதும் அதன் விளிம்பை ஒரு சாதாரண மெழுகுவர்த்தியால் தொட்டார். மெழுகு வழியவே இல்லை. மரை அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது! அடுத்து, இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரை மாட்டி எதிர்ப்பக்கம் திருப்பினார்.

"பாய், அது டைட் பண்ற பக்கம்!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்ணே. கழட்ட வந்தோம்னு தெரிஞ்சா இன்னும் கெட்டியா புடிச்சிக்கும்."

செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. "ஸ்பேனர்ல பைப் சொருவி ஒரே இழு இழுத்துடலாமா?"

"இழு. பாதி உன் கைக்கு, பாதி உள்ளுக்கு."

மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே. மறுபடி சூடு, மறுபடி மெழுகு. நாற்பது நிமிடம். நான் மூச்சே விடவில்லை. 9.50-க்கு உள்ளிருந்து ஒரு 'க்ரீச்'. கோயில் கதவு திறப்பது போல அவ்வளவு பெரிய சத்தம், அவ்வளவு சின்ன மரையிலிருந்து. பெங்களூரில் முப்பது வருடமாக இருக்கிறேன்; சட்டசபை கூடும் விதான சௌதாவை முதன்முதலில் பார்த்தபோதுகூட இப்படி வாயடைத்து நின்றதில்லை. சென்சார் வெளியே வந்தது. குழாயின் மரையில் ஒரு சுற்றுகூடச் சிதையவில்லை.

பழைய சென்சாரைச் சுரண்டிய பாய் முகம் சுளித்தார். "வெறும் துரு இல்ல, உப்பு பூத்திருக்கு. சூட்டு மேல இன்னா ஊத்துனீங்க?"

செல்வத்துக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரைத் தீர்த்தம் என்று பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் தெளிப்பார்; அது குழாய் வரை வழியும். மூன்று வருடமாக. அதை அவரே பாயிடம் ஒப்புக்கொண்டார்.

"அரே, பெட்ரோல் குடிக்கிற வண்டிக்கு எளநி குடுத்திருக்கான்!" என்று பாய் விடாமல் கிண்டல் செய்தார். "ஊதுபத்தியோட நிறுத்துப்பா." செல்வம் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

புதுச் சென்சாரை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். சந்தாபுராவில் 12.15-க்குப் பரிசோதனை. பாஸ்! செல்வம் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார், எடுத்துப் படித்தார், மறுபடி வைத்தார்.

போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள். பாய் கூலி 450 ரூபாய், பரிசோதனை 60. ஸ்பேனரில் பைப் சொருகாதீர்கள். புதுச் சென்சார் பிறகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் மரைக்கு மட்டும் செம்புப் பசை தடவுங்கள்; நுனியில் பட்டால் புதுசும் போச்சு. எஞ்சின் மேல் எதையும் ஊற்றாதீர்கள்.

அந்தத் தேங்காய்த் தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டேன். ஊற்றியது செல்வம் இல்லை, நான். "வேணாம் மச்சான்" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் ஊற்றினேன். பாய் கேட்டபோது அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.