சில்லர் ட்ரேயில் வைக்கச் சொன்னவன்

ஃபிரிட்ஜ் விற்கிறவனுக்கு அப்படி என்ன பெரிய பயம் என்று நீங்கள் கேட்கலாம். கம்பம் ஏறும் வேலை இல்லை, ஆசிட் தூக்கும் வேலை இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஏசி ஷோரூமில் நின்று, கதவைத் திறந்து திறந்து காட்டும் வேலை. இருபத்தாறு வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் கண் முதலில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டுக்குத்தான் போகிறது.

புதிதாக ஷோரூம் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

1. தட்டுக் கணக்கு

நான் சேர்ந்த முதல் நாள், காஞ்சிபுரம் கடையில், முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தினார்.

"பாஷா, கஸ்டமர்கிட்ட லிட்டர் கணக்கு பேசாதே. நம்ம ஊர் ஜனங்க லிட்டர் கேக்க மாட்டாங்க. எது எங்க வெக்கறதுன்னு கேப்பாங்க. அதுக்கு பதில் சொன்னா போதும், பெட்டி தானா வெளியே போயிடும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். கோயில் ஊர் இது. ஒரு வீட்டில் கறி சமைப்பார்கள், அதே வீட்டில் சாமிக்கு வைக்கும் பாலும் இருக்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும், ஆனால் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. புரட்டாசி மாதம் பிறந்தால் தட்டெல்லாம் கழுவி இடம் மாற்றுவார்கள். எங்கள் ஆட்கள் வந்தால் பக்ரீத் கறி எத்தனை கிலோ ஃப்ரீசரில் நிற்கும் என்று கேட்பார்கள். தறி போட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பார்கள். தறிக்கட்டை இடிக்குமே.

இதில் நான் பெரிய கில்லாடி ஆகிவிட்டேன். "அங்க பாஷா பாய்னு ஒருத்தர் இருக்காரு, அவரண்ட கேளு, தட்டு தட்டா பிரிச்சி சொல்லுவாரு" என்று ஆட்கள் சொல்லி அனுப்புவார்கள். எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று நான் சொன்னதே கிடையாது. அந்தப் பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது.

2. மூடி போட்ட ட்ரே

வைகாசி உற்சவத்துக்குப் பத்து நாள் முன்பு தனம் என்று ஒரு அம்மா வந்தாள். கூடவே புருஷன் ஏழுமலை. வீடு செவிலிமேட்டில். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் பக்கம் பூக்கடை. இரண்டு பேரும் மாலை கட்டுகிறவர்கள். உற்சவக் கூட்டத்துக்கு நிறைய பூ வாங்கி வைக்க வேண்டும், வெயிலில் வாடிவிடுகிறது, அதனால் சிங்கிள் டோர் ஒன்று வேண்டும் என்றார்கள்.

நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். கீழே வெஜிடபிள் பாக்ஸ், அதில் உதிரிப்பூ. நடுத் தட்டு இரண்டிலும் கட்டிய மாலை. டோர் ரேக்கில் பாலும் தண்ணீரும். தனம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாய், இன்னொண்ணு வெக்கணும். எம் பொண்ணு யமுனாவுக்கு சக்கரை. ஒம்பது வயசு. தினம் வேளா வேளைக்கு ஊசி. அந்த மருந்தை இப்போ மண்பானைல ஈர மணலு போட்டு வெச்சிக்கினு இருக்கேன். ஃபிரிட்ஜ் வந்துட்டா அதையும் இதுலயே வெச்சிடலாம். ஆனா சாமிக்குப் போற மாலை இருக்குது. ஊசி மருந்தை அதோட ஒரே தட்டுல வெக்க மனசு வர்ல. தனியா எங்க வெக்கட்டும்?"

என் மூளை அரை நொடியில் பதில் கண்டுபிடித்தது. ஃப்ரீசருக்குக் கீழே சில்லர் ட்ரே இருக்கிறது. தனி ட்ரே. மேலே மூடி. பூவும் படாது, கையும் படாது.

"இதோம்மா, இது உங்க பொண்ணுக்குன்னே செஞ்சது" என்று ட்ரேயை இழுத்துக் காட்டினேன். "இந்தப் பெட்டியிலயே நல்லா ஜில்லுனு இருக்கற எடம் இதுதான். மருந்துக்கு ஜில்லுதானே வேணும்?"

ஏழுமலை கேட்டார்: "கூட்டம் இருக்கற நாள்ல பூ ரொம்ப இருக்கும் பாய். தாங்குமா?"

"உள்ள இருக்கற கூலிங் நாபை ஃபுல்லா திருப்பி வெச்சிடுங்க. எவ்ளோ பூ வெச்சாலும் தாங்கும்."

தனத்தின் முகம் அப்படி மலர்ந்தது. போகும்போது, "நல்லா இருக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

என் தப்பு புரிகிறதா? அவள் கேட்டது இடம். நான் சொன்னதும் இடம். குளிர் எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எதோடு எது சேரக் கூடாது என்று பிரித்துப் பிரித்துப் பழகிய புத்தி, அதற்கு மேல் போகவில்லை.

3. பார்த்தால் தெரியாது

அந்தப் பெட்டியை விற்ற பன்னிரண்டாம் நாள் காலையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சண்முகம் என்பவர் கடைக்குப் பெட்டி வாங்க வந்தார். நான் சில்லர் ட்ரேயை இழுத்ததுமே கையை ஆட்டிவிட்டார்.

"இந்த மாடலே வேணாம் பாய். பழைய பெட்டில புதுசா வந்த பையன் இன்சுலினை சில்லர்ல அடுக்கிட்டான். அத்தனையும் ஐஸு. தூக்கிக் குப்பைல போட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே, "ஐஸ் ஆனா இன்னா, வெளிய வெச்சா உருகிடுதே" என்றேன்.

"உருகும். உருகினா சரியாப் போச்சா? ஒரு தபா ஐஸ் ஆச்சுன்னா அந்த மருந்தை நம்பவே கூடாது. பாட்டிலைப் பாத்தா ஒண்ணும் தெரியாது பாய், அதான் ஆபத்து. போட்டுக்கினே இருப்பாங்க, சக்கரை பாட்டுக்கு ஏறிக்கினே இருக்கும். பெரியவங்களே தாங்க மாட்டாங்க. சின்னப் பசங்கன்னா உயிருக்கே..."

மீதியை நான் கேட்கவில்லை. ட்ரேயை மூடக் கூடத் தோன்றவில்லை. பன்னிரண்டு நாள். தினம் வேளா வேளைக்கு ஊசி. நாப் ஃபுல்லில். எல்லாம் நான் சொன்னது.

தனத்தின் பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் அதே குரல். முதலாளியிடம் டெலிவரி கம்ப்ளெயிண்ட் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கடையில் இருந்து செவிலிமேடு எவ்வளவு தூரம்? அன்றைக்கு அது முடியவே இல்லை. யா அல்லா, அந்தப் பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டு இருக்கட்டும், வேறு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் யாரும் இல்லை. கதவில் பூட்டு. படியில் கட்டாத பூ ஒரு கூடை, அப்படியே வாடிக் கிடந்தது. பூக்காரர்கள் பூவை வெயிலில் விட்டுப் போகிறார்கள் என்றால் சாதாரண அவசரம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு, கடைக்காரரா? முந்தா நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினாங்கபா. ஒரே வாந்தி. மூச்சு மேலயும் கீழயும் வாங்குது. பொண்ணு கண்ணே தொறக்கல."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

4. பாதி உண்மை

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைக் கண்டுபிடித்தேன். கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தனம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் யமுனா. கையில் டிரிப்ஸ். நான் அவள் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது. அதற்கு அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

தனம் நிமிர்ந்து பார்த்தாள். "பாய், நீங்க எங்க இங்க?"

"போன் போட்டேன், எடுக்கல. வீட்டுக்குப் போனேன். பாப்பா எப்டிமா இருக்குது?"

"இன்னிக்குத்தான் கண்ணு தொறந்தா. சக்கரை எறங்கிக்கினு வருது. ஆனா டாக்டரம்மா என்னையே கேக்கறாங்க பாய். ஊசியை ஒழுங்கா போட்டியா, எத்தினி வேளை உட்டேன்னு. ஒரு வேளை கூட நான் உட்டதில்ல. யாரும் நம்பல. இவங்கப்பாவே ஒரு மாதிரி பாக்கறாரு."

சொல்லியிருக்க வேண்டிய நிமிஷம் அதுதான். சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, நாக்கு திரும்பிக்கொண்டது. வார்டில் இருக்கும் அத்தனை பேரும் அடிப்பார்கள், போலீஸ் வரும், கடையின் பேர் போகும், இந்த வயதில் வேலையும் போகும் என்று மனதுக்குள் ஒரு படமே ஓடிவிட்டது. நான் சொன்னது இதுதான்:

"அந்த மாடல்ல சில்லர் ட்ரேல ஏதோ ப்ராப்ளமாம்மா. இனிமே அதுல மருந்து வெக்காதீங்க."

'ஏதோ ப்ராப்ளம்.' பெட்டியின் மேல் பழியைப் போட்டேன். அது வாயில்லாத பெட்டி. தனம் சரி என்று தலையாட்டினாள். ட்ரேக்கும் மகளுக்கும் அவள் முடிச்சுப் போடவில்லை. நான் சொன்னால்தானே போடுவாள்? யமுனாவுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக என்னையே ஏமாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட் பக்கம் ஏழுமலை எதிரில் வந்தார். கையில் ஒரு சின்னத் தூக்கு. என்னைப் பார்த்து நின்றார்.

"இதுல இன்னாபா?" என்றேன்.

"பாப்பாவோட மருந்து பாய். வீட்டுக்குப் போயி எடுத்தாந்தேன். இன்னும் ரெண்டு நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணுவாங்களாம். நாளைக் காலைலருந்து வீட்டு மருந்தே போட்டு, தனம் சரியா போடறாளான்னு பாக்கணுமாம்."

"எதுல இருந்து எடுத்தீங்க?"

"அந்த ட்ரேலருந்துதான்."

தூக்கைத் திறந்து காட்டினார். இரண்டு சின்ன பாட்டில், ஈரத் துணியில் சுற்றி. கண்ணாடிக்குள் மருந்து ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சண்முகம் சொன்னது அப்படியே கண் முன்னால் நின்றது. நான் எவ்வளவு பெரிய கோழை என்று அந்த இடத்தில்தான் புரிந்தது. ட்ரேயைச் சொன்னேன், பாட்டிலைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் அந்தப் பிள்ளைக்கு மறுபடி இதையே போடுவார்கள்.

ஏழுமலை கையில் இருந்து தூக்கைப் பிடுங்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். அவர் "பாய், பாய்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

5. தனத்தின் உள்ளங்கை

டியூட்டி டாக்டரம்மா கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னேன். ஃபிரிட்ஜ் விற்றது நான். சில்லரில் வைக்கச் சொன்னது நான். நாபை ஃபுல்லாகத் திருப்பச் சொன்னதும் நான். இந்த அம்மா மேல் தப்பே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை.

டாக்டரம்மா தனத்தைப் பார்த்தார். "மருந்து ஐஸ் மாதிரி இருந்துச்சாம்மா?"

தனம் மெல்ல எழுந்தாள். "இருந்துது டாக்டர். நிறைய நாளு காலைல கட்டியா இருக்கும். நல்லா ஜில்லுனு இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன். கையில வெச்சி உருக்கிட்டுதான் போடுவேன்." சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையிலதான் உருக்கினேன்."

அப்போதுதான் ஏழுமலை என் சட்டையைப் பிடித்தார். இரண்டு பட்டன் தெறித்தது. "பானைல இருந்த வரைக்கும் எம் பொண்ணு நல்லா இருந்தாளேயா! காசு குடுத்து வாங்கின பொட்டியில..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். நான் விலகவில்லை. அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நர்ஸ்தான் வந்து பிரித்துவிட்டார்.

டாக்டரம்மா இரண்டு பாட்டிலையும் குப்பைக்கு அனுப்பிவிட்டு, புது மருந்துக்கு எழுதினார். பிறகு தனத்தின் தோளைத் தொட்டு, "நீ சரியாத்தான் போட்டிருக்கம்மா. உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். தனம் அதற்குத்தான் வாய்விட்டு அழுதாள். மகள் கண் திறக்காமல் கிடந்தபோது கூட அப்படி அழவில்லை என்று பிறகு ஏழுமலை சொன்னார்.

அழுது முடித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ எங்க வெக்கட்டும் பாய்?"

ஷோரூமில் கேட்ட அதே கேள்வி. அதே ஆளிடம். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குக் கேட்க நான்தான் இருந்தேன். அது என்னை ஏழுமலையின் கையை விட அதிகமாக உலுக்கியது. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டரம்மாவைக் கேக்கலாம்."

அவர் சொன்னார்: ஃப்ரீசர் பக்கமே கூடாது, பின் சுவரிலும் ஒட்டக் கூடாது. நடுத் தட்டில், முன்பக்கமாக, ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். நாபையும் குறைக்க வேண்டும்.

அவர்கள் வீடு திரும்பிய அன்று நானே போய் நாபைக் குறைத்துவிட்டு வந்தேன். முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீயா எதுக்குப் போய் ஒத்துக்கினே?" என்பதுதான் அவர் வருத்தம். வேலை போகவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கதவைத் திறந்து காட்டுவதற்கு முன்னால், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று கேளுங்கள். மருந்து என்றால் வாயை மூடிக்கொண்டு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். 'தெரியாது' என்று சொன்னால் ஒரு பெட்டி விற்காமல் போகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

நான் நாபைக் குறைத்த அன்று தனம் நடுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யமுனாவின் மருந்து டப்பாவை அங்கே வைத்தாள். சாமி மாலையை எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பக்கத்திலேயே வைத்தாள்.