ஷெர்லின் விட்டுவந்த உலோகக் கண்ணாடி

ஏற்காடு மலையிலுள்ள கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து காலமான லூர்துராஜுக்கு ஒரே மகள் ஷெர்லின். திருச்சியில் உலோகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், அம்மா ஜெயகுமாரிக்குப் பக்கவாதம் வந்ததும் பாதியில் விட்டுவிட்டு மலையேறினாள். இப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும், அவளுக்கும் பிள்ளைகளைப் பிடிக்கும். ஆனாலும் சாக்பீஸ் பிடித்த கை சில நேரம் வேறெதையோ தேடும்.

அவள் விட்டுவந்தது உலோகக் கண்ணாடியை. பார்க்க வெள்ளிக் காகிதம் போன்ற நாடாதான். உருகிய உலோகக் கலவையைச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சினால், அணுக்கள் வரிசையாக நிற்க அவகாசமில்லாமல் கண்ணாடியில் இருப்பதுபோல அப்படியே உறைந்துவிடும். அந்த நாடாவை உலையில் வைத்தால் மேலே ஆக்சைடு படியும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே பொடிப்பொடியாகப் படிகங்கள் முளைக்கும். அவற்றின் இடுக்குகள் வழியே ஆக்சிஜன் விறுவிறுவென உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்றுவிடுமா? இல்லை, உள்ளிருக்கும் குரோமியம் அதே இடுக்குகள் வழியே மேலே வந்து காப்புப் படலமாக மூடிக்கொள்ளுமா? கலவைக்குக் கலவை மாறும் அந்த விடையைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

போன மே மாதம் ஆய்வுக்கூடத் தோழி மேனகா சொல்லாமல் கொள்ளாமல் ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் வந்திறங்கி போன் செய்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். பஞ்சின்மேல் நாடாத் துண்டுகள்; சில வைக்கோல் மஞ்சள், சில ஊதா, சில நீலம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் அப்படி மாறும்.

“ஒரே உலை, ஒரே சூடு. சிலதுல படலம் நிக்குது, சிலதுல உரிஞ்சு கொட்டுது. எனக்கு ஒன்னுமே பிடிபடல புள்ள,” என்றாள் மேனகா.

ஷெர்லின் ஒரு துண்டை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சக்கரத்துல பட்ட பக்கம் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?”

“அதெல்லாம் பாக்கல. ஏதோ ஒரு பக்கம்.”

“பட்ட பக்கம் சொரசொரப்பா இருக்கும். தனித்தனியா வெச்சுப் பாரு.”

“நீயே வந்து பாரேன். ஆராய்ச்சி ரிஜிஸ்டர்லருந்து உம் பேர இன்னும் எடுக்கல. ஜூனுக்குள்ள வந்தா சேந்துக்கலாம்.”

கட்டிலில் படுத்திருந்த ஜெயகுமாரி குழறலாகக் கேட்டாள். “எனக்காவத்தான கண்ணு நிக்கற?”

“அதெல்லாம் இல்லீங்கம்மா.”

அது பொய் என்று மூவருக்குமே தெரியும்.

“செம்மநத்தத்துக் குப்பாயியக் கூப்புட்டா என்னைப் பாத்துக்குவா. நீ போ சாமி,” என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுடைய நல்ல கை மகளின் துப்பட்டாவை இறுகப் பிடித்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மேனகாவை வழியனுப்ப ஷெர்லின் சேலம் வரைக்கும் போனாள். திருச்சி பஸ்ஸில் ஏறிய மேனகா, பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்தாள்.

“ஏறு புள்ள. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

ஷெர்லின் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, ஏறறீங்களா, இல்லீங்களா?” என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துக்கொண்டாள். பஸ் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு ஏற்காடு பஸ் பிடித்தாள். வீட்டில் அம்மா காப்பி மட்டும் கேட்டாள்.

மேனகா தனித்தனியாக வைத்துப் பார்த்ததில், சக்கரத்தில் பட்ட பக்கம்தான் உரிகிறது என்பது ஜூலையில் உறுதியானது. ஆய்வுக்கட்டுரையில் மேனகாவின் பெயருக்கு அடுத்து ஷெர்லினின் பெயர் வரப்போகிறது. சனிக்கிழமை மதியங்களில் மேனகா அனுப்பும் நாடாக்களின் எடைக் கணக்குகளை ஷெர்லின் வரைபடக் கோடுகளாக வரைகிறாள். எண்களும் படங்களும் போனில் வந்துவிடுகின்றன. உலைக்கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனல் மட்டும் வருவதில்லை.

அடுத்த ஜூனிலும் சேரலாமாம், விசாரித்துச் சொல்லியிருக்கிறாள் மேனகா. ஷெர்லின் இன்னும் பதில் சொல்லவில்லை.