ஈசோப்புக் குடிநீர்

வேதாகமத்தில் பெயர் வந்த செடியைச் சந்தேகிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால்தான் அப்பாவின் தங்கையான மாமி, பலாரோ சந்தையில் மூலிகைக்காரன் 'இசோப்போ' என்று நீட்டிய காய்ந்த நீலப்பூக் கட்டை ஈசோப்பு என்று கண்டுகொண்டதும், வேறொன்றும் யோசிக்காமல் வாங்கி வந்தார். பாவத்தையே கழுவுகிற செடிக்குச் சளி எம்மாத்திரம் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மாவுக்கு இருமல். மன்னாரிலிருந்து வந்து குடியேறிய அந்த வெளிநாட்டு நகரத்தில், சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியா பகுதியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. மாமியும் எங்களோடுதான் இருந்தார்; கட்டில் அவருக்கு, பக்கத்தில் தரையில் மெத்தை எனக்கு. சுவருக்கு அப்பால் அம்மா இருமும்போதெல்லாம் செத்துப்போவார் என்று பயந்து கிடப்பேன். எனக்கு எட்டு வயது.

மாமி இலையையும் பூவையும் கொதிநீரில் போட்டு மூடிவைத்து, வடித்தெடுத்த குடிநீரில் தேன் விட்டார். புதினாவோடு கற்பூரம் சேர்ந்தது போல வீடெல்லாம் மணத்தது.

"சளியைக் கரைச்சுக் கொண்டுவருமாம். பிள்ளைத்தாச்சியளும் வலிப்பு உள்ளவையும்தான் குடிக்கக் கூடாதாம். எங்களுக்கு என்ன பயம், மச்சாள்."

அம்மா கோப்பையை வாங்கி, ஆறட்டும் என்றார். மாமி குளிக்கப் போனதும் பால்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைச் சட்டிக்குள் ஊற்றினார். நான் நிற்பதைக் கண்டு உதட்டில் விரலை வைத்தார். அடுத்த நாளும் அப்படியேதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கு மூக்கைப் பிடித்து மருந்து பருக்குகிறவர், தன் முறை வந்ததும் அதைக் கறிவேப்பிலைக்குக் கொடுக்கிறார்.

சனிக்கிழமை மாமி கறிக்கு இலை பிடுங்கப் போனார். சட்டி மணத்திருக்க வேண்டும். உள்ளே வந்தார். புதிதாக ஊறவைத்து, கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்து, கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"குடியுங்கோ. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அப்பா துறைமுக வேலைக்குப் போயிருந்தார். அம்மா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பையை உதடு வரை கொண்டுபோனார். குடித்துவிடட்டும் என்று நான் மாதாவை மன்றாடினேன்.

"நான் தாறது நஞ்சே, மச்சாள்?" என்றார் மாமி.

அம்மா கோப்பையை உதட்டிலிருந்து இறக்கினார். அதை மேசையில் வைத்துவிட்டு, மாமியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார்.

மாமி கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். "என்னட்டை ஏன் மறைச்சனீங்கள்?"

அம்மா இருமினார்.

தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று எனக்குப் பிடிபட்டதும் குதித்தேன். இரண்டு பேரும் ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை. மாமி குடிநீரைத் தொட்டியில் ஊற்றி, மிச்சக் கட்டையும் குப்பையில் போட்டு, கோப்பையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினார்.

முந்தின வருடம் அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்காமல் போனதோ, அந்தப் பிள்ளை உண்டான சேதியை அம்மா முதலில் மாமியிடம்தான் சொல்லியிருந்தாரென்பதோ, பிள்ளையில்லாதவளின் கண் பட்டுவிட்டதென்று மன்னாரிலிருந்து யாரோ போனில் சொன்னதோ எனக்கு அப்போது தெரியாது. அடுத்த கிழமை மாமி, தான் தினமும் பராமரிக்கப் போய்வரும் வயதான சினியோராவின் வீட்டிலேயே தங்கப் போய்விட்டார். வேலைக்கு அலையத் தேவையில்லை என்றார். அவருடைய கட்டில் எனக்குக் கிடைத்தது. நான் வெகு சந்தோஷமாக அதில் ஏறிப் படுத்தேன்.