சம்மந்தியம்மா நடக்க ஒரு பாதை

களிமண்ணைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. நான் பிறந்தது பழவேற்காட்டுக்கு அக்கரையில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலிருக்கும் ஒரு குப்பத்தில். அங்கே எங்கே காலை வைத்தாலும் மணல். மழை கொட்டித் தீர்த்த கையோடு செருப்பில் ஒரு பொட்டு சேறு ஒட்டாமல் நடந்து போகலாம். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்ததோ திருப்பாலைவனத்துப் பக்கம், நெல் விளைகிற ஊருக்கு. இங்கே மழை பெய்தால் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வெயில் அடித்தால் அதே மண் வாயைப் பிளக்கும். கையை விட்டால் முழங்கை வரை போகும். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாளும் சும்மா கிடக்காது. என் மாமனாரும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்.

தார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சின்ன வழி உண்டு. இரண்டு பக்கமும் எங்கள் நிலம்தான். கல்யாணமான வருஷம், ஐப்பசி அடைமழையில், அம்மா முதல் தடவையாக என்னைப் பார்க்க வந்தாள். மீன் விற்கிறவள், வெறுங்கையோடு வருவாளா? அன்னக்கூடை நிறைய நண்டு, எல்லாம் உயிர் நண்டு. பஸ்ஸை விட்டிறங்கி நிமிர்ந்து நடந்து வந்தவள், பாதி வழியில் தொபீர் என்று விழுந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு. கட்டு அவிழ்ந்த நண்டெல்லாம் நாலு பக்கமும் ஓட்டம்.

மாமனார் வாசலில்தான் நின்றிருந்தார். ஓடிப்போய் உதவாவிட்டாலும் வாயையாவது மூடிக்கொண்டிருக்கலாம். "இன்னா சம்மந்தியம்மா, கடல்ல மீனு இல்லன்னு வயல்ல வந்து வல போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அம்மா எழுந்தாள். சேற்றில் கையை விட்டு நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டாள். எல்லாம் போட்டு முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுப்பக்கம் வராமல், வந்த வழியே திரும்பினாள். நான் பின்னால் ஓடினேன். "மனுசி நடக்கற மாதிரி ஒரு வழி போடச் சொல்லு உம் மாமனார. அப்பால வரேன். அதுவரிக்கும் இந்த வூட்டுப் படிய மெரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சேற்றுப் புடவையோடேயே பஸ் ஏறிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை மீனுக்கு ஐஸ் கொடுக்கிறவரோடு சண்டை வந்து, அவர் தெருப்பக்கம் தலை வைக்காமலேயே பல வருஷம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனவள் அவள்.

அறுவடை முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் கொத்தனார். கடற்கரைப் பக்கம் பாதி வீடுகளுக்கு அவன்தான் சிமெண்ட் தரை போட்டிருக்கிறான். "கடக்கரயில நான் போட்ட ரோட்டு மேல லாரி போவுது. இது இன்னா, ஒரு நாள் வேல" என்று வந்தான். ஜல்லி வந்தது, மணல் வந்தது. மாமனார் மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஊரே பார்க்க, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா பண்றாரு இவுரு?" என்றான் அண்ணன்.

"உப்பு இருக்குதான்னு பாக்கறேன். கடலோரத்து ஆளுங்க. எதையாவது வாரிக்கினு வந்துட்டா?" என்றார் மாமனார் என்னிடம், அவன் காதுபட.

அண்ணனுக்கு மூஞ்சி சுருங்கிப்போயிற்று. அன்றிலிருந்து அவன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. அண்ணன் கோபத்தோடு கோபமாக, புல்லைச் செதுக்கிவிட்டு, ஈரக் களியின் மேலேயே பலகை அடைத்து, ரோட்டிலிருந்து வாசல் வரை ஒரே நீளமாகக் கான்கிரீட்டைக் கொட்டி, மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சித்திரை முதல் தேதிக்கு வருவதாக அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

பங்குனி வெயிலில் அடியிலிருந்த களி காய்ந்து சுருங்கியது. மேலே பாதை, கீழே ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் பைக்கில் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார், பாதை டமார் என்று இரண்டாகப் போயிற்று. "ஒடஞ்சி கெடக்குதாமே" என்று அம்மா போனில் கேட்டாள். யார் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சொன்னார்களோ! அண்ணன் வந்து பார்க்கக்கூட மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த மழைக்குக் களி உப்பி, உடைந்த துண்டுகளை ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தியது. அம்மா விழுந்த இடத்தில் இப்போது கான்கிரீட்டில் தடுக்கியும் விழலாம் என்று ஆயிற்று.

அந்த மழையில் நான் முழுகாமல் இருந்தேன். மாமியார் இல்லாத வீடு. மாசியில் வளைகாப்பு வைத்து, அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "வளைகாப்புக்குமா வரமாட்ட?" என்று கேட்டேன். "வழி போடச் சொல்லு" என்றாள். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். நிஜமாகவே பயமாக இருந்தது. பெற்றவள் வந்து கூட்டிப்போகாத பிள்ளைத்தாய்ச்சி என்று இந்த ஊரில் பேர் வாங்கிவிடுவேனோ என்று ராப்பகலாக அதே நினைப்பு. அப்புறம் கோபம் வந்தது. இதுகள் வீம்புக்கு நானா பலி என்று, அண்ணனைத் தேடிக்கொண்டு குப்பத்துக்கே போய், வயிற்றைக் காட்டிச் சண்டை போட்டேன். தை பிறந்ததும் வந்தான்.

வந்தவன் ரோட்டு முனையில் நின்றான். மாமனார் வாசல் முனையில் நின்றார். இருவரும் பேசமாட்டார்கள். என் வீட்டுக்காரரோ, "நைனா கிட்ட நான் பேச முடியாது, மோட்டார் போடணும்" என்று கழனிக்கு நழுவிவிட்டார். ஆக நடுவில் நான்தான்.

"அந்த மணல்வூட்டுக்காரன் கிட்ட சொல்லு. போன தபா மாதிரி மண்ணு மேல கோலம் போட்டுட்டுப் போவாத, ஒரு அடியாவது தோண்டி இந்தக் களிய எடுன்னு" என்றார் மாமனார்.

நான் நடந்து போய் அண்ணனிடம் சொன்னேன்: "உன் வேலையில கொறையே இல்லியாம். மண்ணுதான் பேஜாரு புடிச்சதாம். ஒரு அடி தோண்டிட்டா உன் வேலைக்கு ஏத்த எடமா ஆயிடுமாம்."

அண்ணன் சந்தேகமாகப் பார்த்தான். "அவுரா சொன்னாரு? தோண்டின பள்ளத்த எத வெச்சி ரொப்புவாராம், அவுரு தலைய வெச்சா? கிராவல் ஓணும்னு சொல்லு."

நான் திரும்பி நடந்தேன். "நீங்க சொன்னதுதான் சரியாம் மாமா. பள்ளத்துக்குக் கிராவல் போட்டு இடிக்கணுமாம். நீங்க சொன்னா டிராக்டர்காரன் நல்ல கிராவலா குடுப்பானாம், வேற யாரு சொன்னாலும் ஏமாத்திடுவானாம்."

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். "பையனுக்கு வெவரம் இருக்குது" என்றார். இதை மட்டும் மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இப்படியே போயிற்று வேலை. உடைந்த கான்கிரீட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஒரு அடி தோண்டினார்கள். வழியோரத்து முருங்கை மரத்தடியில் மண் எப்போதும் சீக்கிரம் காய்ந்துபோகும் என்று மாமனாருக்குத் தெரியும். அதனால் பாதையை மரத்தைவிட்டுத் தள்ளிப் போடவேண்டும் என்று அவர் திட்டினார், நான் யோசனையாகக் கொண்டுபோனேன். மழைத்தண்ணீர் அடியில் இறங்காமல் ஒரு பக்கமாக ஓட வேண்டும், அதற்கு வாட்டம் வேண்டும் என்று அண்ணன் கத்தினான், நான் மரியாதையாகக் கொண்டுவந்தேன். கிராவலைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தார்கள். மாமனாரே ஒரு இடிகட்டையை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக இடித்துக்கொண்டு வந்தார். நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கிப்போனது. ஆனால் அந்த மாதிரி மஜா என் வாழ்க்கையில் வந்ததில்லை. இரண்டு பேரும் என் வாயால் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள், பாவம், அவர்களுக்கே தெரியாமல்.

கான்கிரீட் போட்ட அன்றைக்கு மட்டும் என் வேலை கெட்டுப்போகப் பார்த்தது. பாதை கொஞ்சம் இறுகியதும், அண்ணன் கட்டையை வைத்துக் கரணையால் குறுக்கே கோடு கிழித்தான். நாலைந்து அடிக்கு ஒரு கோடு, ஆழமாக. மாமனார் துள்ளிக்கொண்டு வந்தார்.

"போட்ட அன்னிக்கே ஒடைக்கிறான் பாரு! யாரு கேக்கறது இத?"

"எப்பிடியும் வெடிப்பு வுடும்மா. அது இஷ்டத்துக்கு வுடாம, நாம சொன்ன எடத்துல வுடட்டும்னுதான் கோடு. சொல்லு அவுரு கிட்ட" என்றான் அண்ணன். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமனாருக்கே பிடிபட்டுவிட்டது. தண்ணீர் எப்படியும் வரப்பை உடைக்கும், அதனால்தானே நாமே ஒரு மடை வைக்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

பாதை மேல் வைக்கோலையும் சாக்கையும் பரப்பி, காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். கான்கிரீட் சட்டென்று காயக்கூடாது. ஊற்றின தண்ணீரெல்லாம் வாட்டத்தில் ஓடி, பாதையோரக் களியெல்லாம் குழம்பாகிக் கிடந்தது. மாமனார் கையில் தடியோடு ஆடு, நாய், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரையும் விரட்டினார். ஒரு கோழி மட்டும் எப்படியோ நடந்துவிட்டது. அதன் கால் தடம் இன்னும் இருக்கிறது.

அண்ணன் போன பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். பாதை போட்டாச்சு என்றேன். "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பாதை மட்டும் போதாது, எனக்குத் தெரியும். உடனே அடித்துவிட்டேன்: "அன்னிக்கி சிரிச்சது தப்புதான், மன்னிச்சிக்கச் சொல்லுன்னு மாமா சொன்னாரும்மா."

"அவுரா? நெசமாவா?"

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள். அவ்வளவு நாள் ஆளுக்கொரு வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகியதில், இதுவும் ஒன்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

வியாழக்கிழமை மாமனார் சாக்கையெல்லாம் சுருட்டிவிட்டு, ரோட்டிலிருந்து வாசல் வரை, ஒரு ஓரம்கூட விடாமல், சம்பா நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார். ஊரே தார் ரோட்டில் நெல் காயவைக்கிறது. வாசலிலேயே புத்தம்புது சிமெண்ட் கிடந்தால் விடுவாரா? "அம்மா வரப்போவுது மாமா" என்றேன். "நாளைக்கித்தான? சாங்காலம் வாரிடறேன்" என்றார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் பஸ் நின்றது. அம்மா, ஒரு நாள் முன்னாலேயே, புதுப் புடவையில், கையில் வளையல் பையோடு இறங்கினாள்.

பாதையின் முனையில் வந்து நின்றாள். நெல்லைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நான் ஊற்றி ஊற்றி வைத்திருந்த சேற்றைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

மாமனார் எழுந்தார். "நெல்லு மேலயே வாங்க சம்மந்தியம்மா, பரவால்ல, ஒண்ணும் ஆவாது."

"சோத்து மேல கால வெச்சி வரச் சொல்றீங்களா? எனக்கு இன்னா கிறுக்கா புடிச்சிருக்குது?" என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், சேற்றில் இறங்கிவிட்டாள்.

 மாமனார் நெல் தள்ளும் கட்டையை எடுத்துக்கொண்டு, தானும் வேட்டியோடு சேற்றில் இறங்கி, அதன் நீளக் காம்பை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, பாதையை ஒட்டியபடியே, வழுக்கி வழுக்கி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா ஒரு காலைக் கழுவிப் படியில் வைத்தாள். மறு கால் சேற்றிலேயே இருந்தது. "அன்னிக்கி சிரிச்சதுக்கு மன்னிப்பு கேட்டீங்கன்னு பொண்ணு சொல்லிச்சி. கேட்டீங்கதான?" என்று நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் பெற்ற பிள்ளையிடம்கூட மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அம்மா காலை எடுக்காமல் நின்றாள்.

"ஆமாம்மா" என்றார் மாமனார். "நான்தான் சொல்லியனுப்பினேன். நேர்ல கேக்கறதுக்குதான் இத்தினி நாளா காத்துக்கினு இருந்தேன். மன்னிச்சிக்கோங்க."

அம்மா மறு காலையும் எடுத்துப் படியில் வைத்தாள்.