ஊருக்குப் போகும்போது ஏசியை யார் ஓட்டுவார்கள்?

செல்லப்பிராணிக் கடையில் கூண்டுக்குள் இருப்பவை வாயில்லா ஜீவன்கள். கவுண்டரில் நிற்பவனும் அப்படியே இருந்துவிட்டால் முதலாளிக்கு நிம்மதி. எனக்கு வாய் உண்டு. துபாய் சத்வாவில் ஒன்பது வருஷமாக அந்த வாயை வைத்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்துகிறேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போன கடைச் சகோதரர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

போன வருஷம் எங்கள் கடைக்கு இரண்டு சின்சில்லாக்கள் வந்து இறங்கின. அணில் வால், முயல் காது, உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. தென் அமெரிக்காவின் குளிர்மலைப் பிராணி. அறைச் சூடு இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் தவிக்கும், முப்பதைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். அதைக் கொண்டுவந்து, ஜூலையில் ஐம்பதைத் தொடும் ஊரில் விற்கிறோம். வாங்குகிற விலையெல்லாம் ஒரு விலையா, வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு. அதனால் யார் வந்து கேட்டாலும் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு ஏசியை யார் ஓட்டுவார்கள்? நம் ஆட்கள் லீவுக்குக் கிளம்பும் அழகு உங்களுக்குத் தெரியாததா? கேஸை மூடுவோம், ஏசியை அணைப்போம், பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்போம்.

குளியல்

சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. நனைந்தால் அந்த அடர்ந்த முடி சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். டப்பாவில் வரும் மாவு மாதிரியான தூளில் புரண்டுதான் குளிக்கும், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அல் கூஸில் கராஜ் வைத்திருக்கும் திருச்சிக்காரர் ஒருவரிடம் இதை விளக்கினேன். கடற்கரை மணல் ஆகாதா என்றார். அது சொரசொரப்பு, ஈரம், உப்பு, ஆகாது என்றேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, துபாய்ல உக்காந்துகிட்டு மணலைக் காசுக்கு விக்கிறீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

இருபத்திரண்டு

ஷார்ஜாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவருக்குத்தான் ஆசை. கூண்டு, வைக்கோல், கடித்துப் பல் தேய்க்க மரக்கட்டை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏசி இருபத்திரண்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். அதுவரை பேசாமலிருந்த அந்த அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா வந்து மூணு மாசம் இருந்தப்ப இருபத்தாறுக்குக் கீழ வைக்க விடல இந்த மனுஷன். எலிக்கு மட்டும் இருபத்திரண்டா?"

ஆயுள்

ஏசி டெக்னீஷியன் ஒரு பையன். கரண்ட் பில்லுக்கும் பயப்படவில்லை, தூளுக்கும் பயப்படவில்லை. சரி, இவன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். பேச்சுவாக்கில், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம்கூட இருக்கும் என்று சொன்னேன். கையைக் கூண்டிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"எனக்கு விசாவே ரெண்டு வருஷம்தாண்ணே. இதுல யாருக்கு யாரு துணை?"

கலாஸ்

எங்கள் முதலாளி செய்யது காக்கா, என்னைப் போலவே கீழக்கரை; அங்கே அண்ணனைக் காக்கா என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் வெளியே போனதும் கூப்பிட்டார். என் விசா அவர் கையில் இருக்கிறது, என் மகள் ஊரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இரண்டும் எனக்கு நன்றாக நினைவில் இருந்த நேரம் அது.

"காதரு, நீ யாவாரத்துக்கு வந்தியா, என் வாயில மண்ணப் போட வந்தியா? இன்னொரு தடவ அந்த ஏசி கேள்வியக் கேட்டே, டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவேன். கலாஸ், அதோட முடிஞ்சுது."

அட்டை

கேட்கக் கூடாது என்றுதானே சொன்னார்? எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. மறுநாளே அந்தக் கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டையில் எழுதிக் கூண்டில் தொங்கவிட்டேன். நான்கு நாள் தொங்கியது. ஐந்தாம் நாள் மீன்தொட்டி ஒன்றை டெலிவரி கொடுத்துவிட்டுத் திரும்பினால் அட்டையும் இல்லை, இரண்டில் ஒரு சின்சில்லாவும் இல்லை. நாகராஜன் என்பவர் மகளோடு வந்து வாங்கிப் போனாராம். காக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? அஞ்சே நிமிஷம். அவன் ஒரு கேள்வியும் கேக்கல, நானும் ஒரு கேள்வியும் கேக்கல."

அதே நிறம்

ஆகஸ்டில் நாகராஜன் தனியாக வந்தார். மகள் பள்ளி திறக்கும்போதுதான் திரும்புவாளாம், இவர் லீவு முடிந்து முன்னால் வந்துவிட்டார். அதே நிறத்தில் இன்னொன்று வேண்டும் என்றார். பக்கத்து ஃபிளாட்காரரிடம் சாவி கொடுத்து, தினமும் தீனி போடச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆனால் கிளம்பும்போது கைப்பழக்கத்தில் ஏசியை அணைத்துவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

காக்கா கூண்டைத் திறக்க எழுந்தார். எனக்கு ஆத்திரமும் துக்கமும் சேர்ந்து வந்தது. டிக்கெட் போட்டால் போடட்டும். "சார், அடுத்த லீவுக்கு ஏசியை யார் ஓட்டுவாங்க?" என்று காக்காவின் எதிரிலேயே கேட்டேன். நாகராஜன் கையிலிருந்த பர்ஸைப் பைக்குள் திரும்ப வைத்தார். பிறகு, "இதை அன்னைக்கே யாராவது கேட்டிருக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். நான் காக்காவைப் பார்க்கவில்லை. மகளிடம் உண்மையையே சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்.

காக்கா கல்லாப்பெட்டியில் எதையோ வெகுநேரம் தேடினார். என் பாஸ்போர்ட்டாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்து நீட்டியது என் அட்டை.

"சீசன்ல டிக்கெட் விலை கூடிக் கெடக்கு, அதனால தப்பிச்சே. போய் மாட்டு."

மிச்சமிருந்த அந்தச் சின்சில்லா விற்காமல் இன்றைக்கும் எங்கள் கடை ஏசியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, என் விற்பனைத் திறமைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம்.