மீன் பெட்டியில் வைத்த மருந்து

மகள் வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை, அவள் நடக்கத் தொடங்கிய பின்னும் என்னை விட்டுப் போகவில்லை. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருக்கும் அந்தமானின் ரங்கத் ஊரில் அது கப்பல் வந்தால்தான் வரும்.

அந்த வாரம் புயல் மழை. கப்பல் நின்றது. சாலையில் மரங்கள் விழுந்து பேருந்தும் நின்றது. போர்ட் பிளேருக்கு வேலையாகப் போன கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மருந்துக்கடையில், "அடுத்த ஷிப்லதான்" என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே குப்பி. மின்சாரமும் இல்லாததால் அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன்.

மாலையில் பார்த்தால் காணவில்லை. மாமியார் மீன் பெட்டியைத் திறந்து, உப்புத் தூவிய ஐஸுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"வெளிய கெட்டுப்போயிடும்னு நான்தான் வச்சேன்மா. மீனே கெடல, மருந்தா கெட்டுடும்?"

உறைந்துவிட்டால் போடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. "நல்லவேளை, அத்தை" என்றுவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டுமோ?

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் ஊசியை முந்தானையில் மறைத்து, பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் போனேன். அவருக்கும் அதே மருந்துதான், அவர் கணவருக்கும்.

"துகான் மே சீனி நஹி, ஹம் சப்கே கூன் மே ஹை!" கடையில் சீனி இல்லை, நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது என்று சிரித்தார். பிறகு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அடியில்தான் கொஞ்சம் கிடந்தது.

"லே லோ, பேட்டி." எடுத்துக்கோ மகளே என்று குப்பியை நீட்டினார்.

என் அளவில் பாதிதான் எடுத்து, அங்கேயே போட்டுக்கொண்டேன். முழுதாக எடுத்தால் அவர்களுக்கு இருக்காது. பாதி எனக்குப் போதுமா என்று கேட்க டாக்டருக்கு போன் போகவில்லை. சோற்றையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியபடி வீடு திரும்பினேன்.

மாமியார் தட்டு வைத்துக் காத்திருந்தார்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, அத்தை."

"நான் பெட்டியில வச்ச மருந்துலதான?"

"ஆமா."

"அப்புறம் என்ன பயம்? வயிறாரச் சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.