தாய்மாமன் போட்ட ரீல்ஸ்

என் தம்பிக்குப் பாசம் வந்தால் அது ஊருக்கே தெரிந்தாக வேண்டும். கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்கிறான். என் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு லோடு ஆட்டோ நிறையச் சீர்த்தட்டு, செண்டை மேளம், வெடி என்று ஆவுடையார்கோவிலே அதிர வந்து இறங்கினான். கடைத்தெருவில் அவள் படம் போட்ட பிளக்ஸ் வேறு, எங்கள் வீட்டைவிட உயரமாக. தாய்மாமன் முறை, யார் தடுக்க முடியும்? அன்றைக்கே பாட்டெல்லாம் சேர்த்து ரீல்ஸும் போட்டுவிட்டான்.

அதில் ஓர் இடத்தில், மாலையின் கனமும் தூக்கமும் தாங்காமல் என் மகள் முகத்தைச் சுளித்துக் கொட்டாவி விடுகிறாள். அந்த முகத்தை மட்டும் யாரோ வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங்கிற்கும் அதுதான், குட்நைட்டுக்கும் அதுதான்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மகள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் போர்வைக்குள் போனோடு கிடந்தாள். எந்நேரமும் என்னடி போன் என்று நான் கத்தியபோது, அதை என்னிடம் நீட்டினாள். பார்த்தேன்.

"இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போக மாட்டேம்மா" என்றாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "எம்புட்டுப் பேரு பாத்துருக்காங்க தெரியுமாக்கா?" என்று ஆரம்பித்தவன், நான் அழுவது கேட்டதும் நிறுத்திக்கொண்டான். ரீல்ஸை அழித்துவிட்டு, மீன் வாடையோடு அப்படியே ஓடிவந்தான்.

"ஆத்தா, ஒனக்குப் பெருமைன்னு நெனச்சுத்தான் மாமன் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

தம்பியைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அந்தச் சடங்கில் அவளிடம் யார்தான் எதைக் கேட்டோம்? சேலை நிறத்தைக்கூட நான்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசியதில் ஸ்டிக்கர் அடங்கியது. அதன் பிறகும் அவள் உடனே எழுந்து வந்துவிடவில்லை. தோழி ஒருத்தி தினமும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை அவளாகவே யூனிஃபார்ம் போட்டு வந்து நின்றாள். பைக்கில் கொண்டுபோய் விட வந்திருந்த என் தம்பியின் கை, பழக்கதோஷத்தில் போனைத் தூக்கியது. பாதியில் நின்றது.

"ஆத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கிறட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் மாமா."

"சரித்தா" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்துப் பார்த்த சிரிப்பு. அதைப் படம் எடுக்கச் சொல்லி என் கையும் துறுதுறுத்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.